குழந்தையின் தலை இன்னும் திரும்பவில்லை என்றால்: 34ஆவது வாரத்திலிருந்து என்ன செய்யலாம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: முதல் கர்ப்பம், 34 வாரம் முடிந்திருக்கிறது, ஸ்கேனில் குழந்தையின் தலை மேலேயும் பிட்டம் கீழேயுமாக ‘பிரீச்’ நிலையில் இருப்பதாக வந்திருக்கிறது. மருத்துவர் “இன்னும் நேரம் இருக்கிறது, பார்க்கலாம், திரும்பாவிட்டால் சிசேரியன்தான்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். வயிற்றில் எண்ணெய் தடவிக் குழந்தையைத் திருப்பிவிடும் ஒரு பாட்டியிடம் அழைத்துப் போகிறேன் என்கிறார் உங்கள் அத்தை. யூடியூபிலோ இடுப்பை உயர்த்திப் படுக்கச் சொல்லி நூறு காணொளிகள் இருக்கின்றன. இவற்றில் எதைச் செய்வது, எதைச் செய்யக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் செய்யும் பயிற்சிகளில் எதுவும் குழந்தையைத் திருப்பும் என்று உறுதியாக நிறுவப்படவில்லை. பயிற்சி பெற்ற மகப்பேறு மருத்துவர், மருத்துவமனையில் வைத்து, வயிற்றின் மேலிருந்தே கைகளால் குழந்தையைத் திருப்பும் முறைக்குத்தான் வலுவான ஆதாரம் இருக்கிறது. ‘எக்ஸ்டர்னல் கெஃபாலிக் வெர்ஷன்’ என்பது அதன் பெயர். மருத்துவர்கள் சுருக்கமாக இ.சி.வி. என்பார்கள். முதல் பிரசவமாக இருந்தால் அதற்கான காலம் 36ஆவது வாரத்தில் தொடங்குகிறது. உங்களுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அந்த இரண்டு வாரத்தில் வீட்டுப் பயிற்சிகளைச் செய்வதில் தவறில்லை. ஆனால் “இன்னும் கொஞ்சம் செய்து பார்ப்போம்” என்று 38, 39 வாரம் வரை தள்ளிக்கொண்டே போய், இ.சி.வி. பற்றிக் கேட்கவேண்டிய நேரத்தைக் கைநழுவ விட்டுவிடாதீர்கள். இப்படித் தவறவிட்ட பெண்கள் ஏராளம் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் மருத்துவர் ‘பார்க்கலாம்’ என்று சொன்னது அலட்சியத்தால் அல்ல. 28 வாரத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தை பிட்டம் கீழாகத்தான் இருக்கும். மாதம் நிறையும்போது அந்த நிலையில் மிஞ்சுவது 100க்கு 3 அல்லது 4 குழந்தைகள்தான். மற்றவை யாரும் எதுவும் செய்யாமலே திரும்பிவிடுகின்றன. ஆனால் வாரம் ஏற ஏற இந்த வாய்ப்பு வேகமாகக் குறைகிறது. குழந்தை வளர்ந்து, கர்ப்பப்பைக்குள் இடம் சுருங்கி, பனிக்குட நீரின் விகிதமும் குறைவதே காரணம். 36 வாரத்துக்குப் பிறகு, முதல் பிரசவத்துப் பெண்களில் 100க்குச் சுமார் 8 பேருக்குத்தான் குழந்தை தானாகத் திரும்புகிறது. இணையத்தில் ஒருவர் “32ஆவது வாரத்தில் இந்தப் பயிற்சியைச் செய்தேன், அடுத்த ஸ்கேனில் தலை கீழே வந்துவிட்டது” என்று எழுதினால் அது பொய்யல்ல. அந்த வாரத்தில் எதுவும் செய்யாமல் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கும் அப்படித்தான் வந்திருக்கும் என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து, ஸ்கேன் அறிக்கையை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிரீச் என்ற ஒரு சொல்லை மட்டும் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம். மற்ற வரிகளில்தான் இனி எடுக்கவேண்டிய முடிவுகளுக்கான விவரம் இருக்கிறது. குழந்தை இரண்டு கால்களையும் நேராக நீட்டிப் பாதங்களை முகத்தருகே வைத்திருந்தால் அது ஃப்ராங்க் பிரீச். சம்மணம் போட்டதுபோல் முழங்காலை மடக்கியிருந்தால் கம்ப்ளீட் பிரீச். ஒரு பாதமோ இரண்டுமோ பிட்டத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் ஃபுட்லிங். கால்கள் நேராக நீண்டிருக்கும் குழந்தைக்கு உதைத்துப் புரள்வது கொஞ்சம் கடினம். நஞ்சு, அதாவது பிளாசெண்டா, எங்கே ஒட்டியிருக்கிறது என்பதைப் பாருங்கள். கர்ப்பப்பையின் வாயை மூடிக் கீழே இருந்தால், திருப்புவது என்ற பேச்சே கிடையாது. முன்பக்கச் சுவரில் இருந்தால் திருப்பலாம், ஆனால் கைக்குப் பிடி கிடைப்பது சற்றுச் சிரமம். பனிக்குட நீரின் அளவு, கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி, கர்ப்பப்பையின் வடிவம் பற்றிய குறிப்பு ஏதும் உண்டா என்பதையும், தனியாக உங்கள் ரத்த வகையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த விவரங்களில் சில, குழந்தை ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கும் காரணமாக இருக்கும். கர்ப்பப்பை நடுவில் தடுப்புடனோ இரு கொம்பு வடிவிலோ இருப்பது, ஃபைப்ராய்டு, கீழே இறங்கிய நஞ்சு, பனிக்குட நீர் மிகக் கூடுவது அல்லது குறைவது, இரட்டைக் குழந்தை, அபூர்வமாகக் குழந்தையிடமே உள்ள ஒரு குறை ஆகியவை அறியப்பட்ட காரணங்கள். பல பெண்களுக்கு இவற்றில் எதுவுமே இருக்காது. வண்டியில் போனது, மாடிப்படி ஏறியது, குனிந்து வேலை செய்தது எதுவும் காரணம் அல்ல. படுக்கையில் புரளாமல், எழுந்து உட்கார்ந்து திரும்பிப் படுக்க வேண்டும், இல்லாவிட்டால் கொடி சுற்றிக்கொள்ளும், குழந்தை குறுக்கே போய்விடும் என்று நம் வீடுகளில் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். எழுந்து திரும்புவது இடுப்புக்கு இதமாக இருந்தால் அப்படியே செய்யுங்கள். செய்யாததால்தான் இப்படி ஆனது என்று யாராவது சொன்னால், அதில் உண்மை இல்லை. இந்த நிலைக்கு நீங்கள் செய்த எதுவும் காரணமில்லை என்பதை நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். குற்ற உணர்ச்சியோடு இருக்கும் பெண்களைத்தான் தேவையற்ற வைத்தியங்களுக்கு எளிதில் இழுத்துப் போக முடிகிறது.

வீட்டுப் பயிற்சிகளில் அதிகம் பரிந்துரைக்கப்படுவது, முழங்காலும் மார்பும் தரையைத் தொடும்படி குனிந்து இருக்கும் நிலை. பாயை விரித்து, முழங்கால்களை இடுப்பு அகலத்துக்கு வைத்து மண்டியிட்டு, முன்னால் குனிந்து, மார்பையும் ஒரு கன்னத்தையும் தலையணையில் வைத்துக்கொள்ள வேண்டும். பிட்டம் மேலே உயர்ந்திருக்க வேண்டும். தொடைகள் செங்குத்தாக நிற்க வேண்டும். வயிறு தொடையில் அழுந்தாமல் தொங்கலாக இருக்க வேண்டும். இடுப்பெலும்புக்குள் லேசாகப் பதிந்திருக்கும் பிட்டம் சற்று மேலே விலகினால் குழந்தைக்குப் புரள இடம் கிடைக்கும் என்பதுதான் இதன் பின்னால் உள்ள எண்ணம். எண்ணம் நியாயமானதே. ஆனால், இதுபோன்ற நிலைப் பயிற்சிகளை ஒப்பிட்டுப் பார்த்த ஆறு ஆய்வுகளை, மொத்தம் 417 பெண்களை, ஒன்றாகச் சேர்த்துப் பரிசீலித்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பில், பயிற்சி செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

ஆகவே, செய்ய விரும்பினால் செய்யலாம், பெரிதாக நம்பியிருக்க வேண்டாம். வெறும் வயிற்றில் அல்லது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, குழந்தை நன்றாக அசையும் நேரத்தில், பத்துப் பதினைந்து நிமிடம் போதும். எழும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து மெதுவாக எழுங்கள். பக்கத்தில் யாராவது இருக்கட்டும். மல்லாந்து படுத்து இடுப்பின் கீழ் தலையணைகளை அடுக்கி உயர்த்தும் முறையை நான் அவ்வளவாகப் பரிந்துரைப்பதில்லை. இந்த மாதத்தில் மல்லாந்து படுத்தாலே கர்ப்பப்பையின் பாரம் பெரிய ரத்தக் குழாயை அழுத்தித் தலைசுற்றலை உண்டாக்கும், நெஞ்செரிச்சலும் கூடும். ரத்த அழுத்தம் கூடியவர்கள், ரத்தக்கசிவு இருந்தவர்கள், நஞ்சு கீழே இருப்பவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் எந்தப் பயிற்சியும் செய்யக் கூடாது. சுவரில் காலை வைத்துத் தலைகீழாக நிற்பது, சோஃபாவிலிருந்து தரைக்குக் கை ஊன்றித் தொங்குவது ஆகியவற்றைத் துணையில்லாமல் முயன்று விழுந்தால் ஏற்படும் கேடு, குழந்தை பிரீச்சாக இருப்பதால் வரும் கேட்டைவிடப் பெரியது.

அடிவயிற்றில் பாட்டு ஒலிக்க வைப்பது, டார்ச் வெளிச்சம் காட்டுவது, மேல் வயிற்றில் குளிர்ந்த துணி வைப்பது ஆகியவற்றால் தீமையில்லை; பலன் உண்டு என்று காட்டும் ஆய்வும் இல்லை.

சீன மருத்துவத்தின் மாக்ஸிபஸ்டன் முறையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். மாசிபத்திரி இனத்துச் செடியின் காய்ந்த இலையைச் சுருட்டாக உருட்டிக் கொளுத்தி, காலின் சுண்டுவிரல் நகத்தின் வெளியோரத்துக்கு அருகில், தோலில் படாமல் வெப்பம் காட்டுவார்கள். சீனாவின் ஜியாங்சி மாகாணத்தில் 260 முதல் பிரசவத்துப் பெண்களிடம் செய்யப்பட்டு 1998இல் வெளியான ஆய்வில், 35ஆவது வாரத்தில் தலை கீழே வந்திருந்தது, சிகிச்சை பெற்றவர்களில் 75 சதவீதத்தினருக்கும் பெறாதவர்களில் 48 சதவீதத்தினருக்கும். அதே ஆய்வாளர் இத்தாலியில் செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வில் பலன் தெரியவில்லை. அது இடையிலேயே நிறுத்தவும் பட்டது. பிற்பாடு வந்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த தொகுப்புகள் ஓரளவு சாதகமாகவே பேசுகின்றன. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டியும், 33 முதல் 35 வாரத்துக்குள், பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில் இதை யோசிக்கலாம் என்கிறது. அப்படிப்பட்டவர் உங்கள் ஊரில் இருந்தால் கேளுங்கள். இல்லாவிட்டால் ஊதுவத்தியை வைத்து நீங்களே முயல வேண்டாம். தீக்காயம்தான் மிஞ்சும்.

இப்போது உங்கள் அத்தை சொல்லும் பாட்டி. அத்தை உங்கள் மீதுள்ள அக்கறையால்தான் சொல்கிறார். ஆபரேஷன் இல்லாமல் பிள்ளை பிறக்க வேண்டும் என்ற அவருடைய ஆசையில் தவறில்லை. ஆயினும் தயவுசெய்து போகாதீர்கள். லேசாக எண்ணெய் தடவிவிடுவது வேறு, வயிற்றை அழுத்திக் குழந்தையைத் திருப்புவது வேறு. நஞ்சு எங்கே ஒட்டியிருக்கிறது என்பது கையால் தொட்டுத் தெரியாது. அழுத்தும்போது நஞ்சு கர்ப்பப்பைச் சுவரிலிருந்து பிரிந்துவிடலாம், கொடி இழுபடலாம், குழந்தையின் இதயத் துடிப்பு விழலாம். விழுந்தது அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் சில நிமிடங்களுக்குள் ஆபரேஷன் செய்யும் வசதி அங்கே இருக்காது. மருத்துவரும் கையால்தான் திருப்புகிறார் என்று அத்தை கேட்டால், அந்தக் கைகளைச் சுற்றி என்னவெல்லாம் தயாராக இருக்கின்றன என்பதை விளக்குங்கள். வீட்டுப் பெரியவர்களுக்குப் புரியும்படி அந்த நாளை வரிசையாகச் சொல்கிறேன்.

அன்று காலை முதலில் ஸ்கேன் செய்வார்கள். சில நேரம் அங்கேயே, குழந்தை தானாகத் திரும்பியிருப்பது தெரிந்து வீட்டுக்கு அனுப்புவதும் உண்டு. திரும்பவில்லை என்றால், வயிற்றில் இரண்டு பட்டைகளைக் கட்டிச் சுமார் அரை மணி நேரம் குழந்தையின் துடிப்பைப் பதிவு செய்வார்கள், இதுதான் சி.டி.ஜி. துடிப்பு திருப்தியாக இருந்தால்தான் மேலே போவார்கள். கர்ப்பப்பை இளகுவதற்காகத் தோலுக்கடியில் டெர்பியூட்டலின் போன்ற ஓர் ஊசி போடுவது வழக்கம். போட்ட சில நிமிடங்களில் உங்கள் நெஞ்சு படபடவென்று அடிக்கும், கை லேசாக நடுங்கும். அது மருந்தின் வேலை, சற்று நேரத்தில் அடங்கிவிடும். கட்டிலைச் சாய்த்து, வயிற்றில் ஜெல் தடவி, மருத்துவர் முதலில் ஒரு கையை அடிவயிற்றில் ஆழமாக வைத்து இடுப்பெலும்பிலிருந்து பிட்டத்தை மேலே எடுப்பார். வலி என்று சொல்லக்கூடியது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். பிட்டம் எழும்பியதும், மறு கையால் தலையைப் பிடித்து, குழந்தை குட்டிக்கரணம் போடும் திசையில் மெல்ல மெல்ல நகர்த்துவார். நீங்கள் வயிற்றை இறுக்காமல், வாயால் மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டிருப்பதுதான் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி. இடையிடையே ஸ்கேன் கருவியை வைத்துத் துடிப்பைப் பார்ப்பார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். திரும்பவில்லை என்றால் இன்னொரு முறை முயல்வார்கள், அதற்கு மேல் வற்புறுத்த மாட்டார்கள். தாங்க முடியவில்லை, நிறுத்துங்கள் என்று சொல்லும் உரிமை எந்த நிமிடத்திலும் உங்களுக்கு உண்டு. முடிந்ததும் மீண்டும் சி.டி.ஜி. போட்டு, எல்லாம் சரியாக இருந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உங்கள் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால் ஆன்டி-டி ஊசி போட வேண்டும், மறந்துவிடாமல் கேளுங்கள்.

வெற்றி வாய்ப்பு மொத்தத்தில் சுமார் பாதிக்குப் பாதி. முதல் பிரசவத்தில் 100க்கு 40 பேருக்கும், ஏற்கெனவே பெற்றவர்களில் 60 பேருக்கும் குழந்தை திரும்புகிறது. வெற்றிகரமாகத் திரும்பிய பின் மறுபடி பழைய நிலைக்குப் போவது 100க்கு 5க்கும் குறைவு. ஆபத்து அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன்: ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்கு, துடிப்பு மாறுவதாலோ ரத்தக்கசிவாலோ, 24 மணி நேரத்துக்குள் அவசர சிசேரியன் தேவைப்படுகிறது. இ.சி.வி.யை ஆபரேஷன் தியேட்டர் உள்ள இடத்தில் மட்டுமே செய்ய வேண்டும் என்பது இதனால்தான். நஞ்சு வாயை மூடியிருப்பவர்கள், அண்மையில் ரத்தக்கசிவு இருந்தவர்கள், பனிக்குடம் உடைந்தவர்கள், இரட்டைக் குழந்தை உள்ளவர்கள், வேறு காரணத்துக்காக எப்படியும் சிசேரியன் தேவைப்படுபவர்கள் ஆகியோருக்கு இதைச் செய்வதில்லை. முந்தைய பிரசவம் ஒரு சிசேரியன் என்பது மட்டுமே தடையல்ல. அது மருத்துவர் ஆராய்ந்து முடிவு செய்யவேண்டியது.

அப்படியானால் இப்போதே, 34 வாரத்திலேயே செய்துவிடலாமே என்று தோன்றும். 2011இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, 21 நாடுகளில் 1500க்கு மேற்பட்ட பெண்களிடம், 34–35 வாரத்தில் திருப்புவதையும் 37 வாரத்துக்குப் பிறகு திருப்புவதையும் ஒப்பிட்டது. முன்கூட்டிச் செய்ததில் தலை கீழாக வந்தவர்கள் சற்று அதிகம்தான், ஆனால் சிசேரியன் எண்ணிக்கை குறையவில்லை, குறைமாதப் பிரசவம் கூடக்கூடும் என்ற ஐயமும் எழுந்தது. ஆகவே முதல் பிரசவத்துக்கு 36 வாரம், அடுத்தடுத்த பிரசவங்களுக்கு 37 வாரம் என்பதே இப்போதைய வழக்கம்.

இ.சி.வி.யை எல்லா மருத்துவமனைகளிலும் செய்வதில்லை. சில மருத்துவர்கள் இதைப் பற்றிப் பேசாமலே சிசேரியன் தேதியைக் குறித்துவிடுவதும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தேர்ந்தெடுப்பது தாயின் உரிமை. தேர்ந்தெடுக்க வழி இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது, “டாக்டர், 36 வாரத்தில் ஒரு ஸ்கேன் எடுத்து, அப்போதும் பிரீச் என்றால் எனக்கு இ.சி.வி. செய்ய முடியுமா? இங்கே செய்வீர்களா, இல்லை செய்கிற இடத்துக்கு எழுதித் தருவீர்களா?” என்று நேரடியாகவே கேளுங்கள். இல்லை என்று சொன்னால் காரணம் கேளுங்கள். உங்கள் உடல்நிலை சார்ந்த காரணம் என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள். இங்கே அந்தப் பழக்கமில்லை என்பது மட்டுமே காரணம் என்றால், அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகப்பேறு பிரிவில் விசாரியுங்கள். ஸ்கேன் அறிக்கைகள் எல்லாவற்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

திரும்பவே இல்லை என்றால்? அது தோல்வி அல்ல. 2000ஆம் ஆண்டில் வெளியான டெர்ம் பிரீச் ட்ரயல் என்ற ஆய்வு, 26 நாடுகளில் 2088 பெண்களைக் கொண்டு, திட்டமிட்ட சிசேரியனில் குழந்தைக்கு மரணமோ கடுமையான பாதிப்போ ஏற்படுவது 1.6 சதவீதம், திட்டமிட்ட சுகப்பிரசவத்தில் 5 சதவீதம் என்று காட்டியது. அதன் பிறகு உலகெங்கும் பிரீச் குழந்தைகளுக்குச் சிசேரியன் வழக்கமானது. பிரீச் பிரசவம் பார்க்கும் கைத்திறனும் மருத்துவர்களிடையே குறைந்துபோனது. அதே குழந்தைகளை இரண்டு வயதில் பார்த்தபோது, மரணத்திலும் வளர்ச்சிக் குறைபாட்டிலும் இரு பிரிவுக்கும் வேறுபாடு தெரியவில்லை என்பதும் உண்மை. அனுபவமுள்ள குழு, குழந்தையின் சரியான எடை, அதன் தலை மார்பை நோக்கிக் குனிந்திருக்கும் நிலை ஆகியவை பொருந்தினால் சில மையங்களில் பிரீச் சுகப்பிரசவம் இன்றும் நடக்கிறது. முதல் பிரசவத்தில், அத்தகைய அனுபவம் இல்லாத இடத்தில், அதை வற்புறுத்துவதை நான் ஆதரிக்க மாட்டேன். சிசேரியன் என்று முடிவானால் 39 வாரத்தை ஒட்டித் தேதி குறிக்கச் சொல்லுங்கள். வேறு காரணம் இல்லாமல் முன்னதாக எடுத்தால் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வர வாய்ப்பு கூடும். தியேட்டருக்குப் போகும் முன் இன்னொரு முறை ஸ்கேன் வைத்துப் பார்க்கச் சொல்வதும் நல்லது. கடைசி வாரத்தில் திரும்பும் குழந்தைகள் சிலவாவது உண்டு.

அந்தத் தேதிக்கு முன்பே பனிக்குடம் உடைந்தாலோ வலி தொடங்கினாலோ காத்திருக்காதீர்கள். தலை கீழே இருக்கும் குழந்தையின் தலை, கர்ப்பப்பையின் வாயை அடைத்துக்கொள்ளும். பிட்டமோ பாதமோ அப்படி அடைக்காது, ஆகவே நீரோடு கொடி கீழே இறங்கிவிடலாம். ஃபுட்லிங் நிலையில் இந்த ஆபத்து அதிகம். நீர் உடைந்ததும் 108ஐ அழைத்து உடனே கிளம்ப வேண்டும். தொடைகளுக்கிடையே கொடி தட்டுப்பட்டால் அதைத் தொடாமல், உள்ளே தள்ளாமல், மேலே சொன்ன முழங்கால்–மார்பு நிலையில் குனிந்திருந்தபடி ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சி குழந்தையைத் திருப்பாவிட்டாலும் இந்த ஒரு சூழ்நிலையில் கொடியின் மீதுள்ள அழுத்தத்தைக் குறைக்கும் என்பதால், உங்கள் கணவரும் அத்தையும் இதைத் தெரிந்துவைத்திருக்கட்டும்.

பிரசவத்துக்குப் பிறகு பலர் மறந்துவிடும் ஒன்று இருக்கிறது. கடைசி மாதத்தில் பிரீச்சாக இருந்த குழந்தைக்கு, குறிப்பாகப் பெண் குழந்தைக்கு, இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் இருக்கும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட அதிகம். 36 வாரத்துக்குப் பிறகு இ.சி.வி. மூலம் திரும்பிப் பிறந்த குழந்தைக்கும் இது பொருந்தும். பிறந்தவுடன் குழந்தை மருத்துவர் தொடைகளை விரித்துப் பார்ப்பார்; அதில் சரியாக இருந்தாலும், ஆறு வாரத்தில் இடுப்புக்கு ஓர் அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்லுங்கள். அந்த வயதில் கண்டுபிடித்தால் சில மாதம் ஒரு பட்டை கட்டிச் சரிசெய்துவிடலாம். நடக்கத் தொடங்கிய பின் தெரியவந்தால் ஆபரேஷன் வரை போகக்கூடும். டிஸ்சார்ஜ் தாளில் ‘பிரீச்’ என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் தடுப்பூசிகளுக்குப் போகும்போது அந்தத் தாளைக் குழந்தை மருத்துவரிடம் காட்டி இடுப்பு ஸ்கேனுக்கு எழுதி வாங்கிவிடலாம்.